காப்புக்கட்டுச் செடிகளுக்கு அரபிப் பேரா? பலகையில என்ன எழுதறது?

பூளைப்பூ கேட்டது:

வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் ஒரு கொறங்காட்டு (மேய்ச்சல் காடு) வேலியோரமா காட்டுச்செடிகளுக்குப் பெயர்ப்பலகை வைக்கறதுக்கு வாசகம் தயார் பண்ணிட்டிருக்கோம். மொத்தம் 40 பலகை. ஊர் வழக்குப் பேரு, பொதுத்தமிழ்ப் பேரு, தாவரவியல் பேரு, கடைசியா அந்தப் பேரு எங்கிருந்து வந்துச்சுன்னு ரெண்டு வரி. இந்தக் கடைசி ரெண்டு வரியிலதான் நிக்குது.

பொங்கலுக்குக் காப்புக் கட்டறப்ப சொருகற ஆவாரை, பூளை, வேப்பிலை மூணுக்கும் லத்தீன் பேருல முதல் சொல்லு (சென்னா, ஏர்வா, அசாடிரக்டா) அரபியில இருந்து வந்ததுங்கறாங்க. சரிங்களா? அப்பறம் சுக்குட்டி (மணத்தக்காளி), நெருஞ்சி, பருப்புக்கீரை, கொட்டமுத்து (ஆமணக்கு), எருக்கு, வன்னி இதையெல்லாம் அரபு நாட்டுல என்ன பேரு சொல்றாங்க, பொருள் என்னன்னும் போடோணும். அரபியில எல்லாச் சொல்லும் மூணெழுத்து வேர்ல இருந்துதான் முளைக்குதாம். அப்ப அகராதியில வேரைப் பாத்துப் பொருளை எழுதிடலாமுங்களா? ‘ஸனா’ன்னா புகழ்னு போட்டிருக்கு. ‘புகழ்பெற்ற செடி’ன்னு ஆவாரைப் பலகையில எழுதி வெச்சிருக்கேன்.

விழுதி எழுதியது:

அந்த வரியை மொதல்ல அழிச்சிருங்க. மூணுல ரெண்டு அரபி, ஒன்னு பாரசீகம். அரபியான ரெண்டும் ஒரே வழியா வந்ததில்லை.

சென்னா: அரபியில் ‘ஸனா’ என்பது பேதிக்குக் கொடுக்கும் நிலாவாரை. அராபியாவில் தானாக விளைவது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பயிராகி ‘தின்னவேலி சென்னா’ என்ற வணிகப் பேரில் கப்பலேறுவதும் அதுதான். ஐரோப்பிய மருந்துக் கடைக்காரர்கள் ஸனாவை சென்னா ஆக்கினார்கள், தாவரவியலார் அதையே பேரினப் பெயராக (லத்தீன் பேரின் முதல் சொல்) எடுத்துக்கொண்டார்கள். நம்ம ஆவாரைக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753 இல் வைத்த பேரு கேசியா. பின்னால்தான் சென்னா பேரினத்துக்குள் வந்தது. ஆகவே ‘ஆவாரையின் பேரினப் பெயர் அரபியிலிருந்து வந்தது’ என்று எழுதலாம். ‘ஆவாரையின் அரபிப் பெயர் ஸனா’ என்று எழுதினால் தப்பு. அது உறவுக்காரச் செடியின் பேரு.

ஏர்வா: இது லின்னேயஸின் மாணவர் ஃபோர்ஸ்கால் வைத்தது. டென்மார்க் அரசர் அனுப்பிய குழுவோடு எகிப்து, ஏமன் போனவர். 1763 இல் ஏமனில் யரீம் என்ற ஊரில் மலேரியாவில் இறந்துபோனார். குழுவில் உயிரோடு திரும்பிய நீபூர்தான் அவருடைய குறிப்புகளை 1775 இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். ஃபோர்ஸ்காலுக்கு ஒரு நல்ல பழக்கம். கிரேக்கத்தில் தேடிப் பேரு கட்டாமல், ஊர்க்காரர் வாயில் என்ன வந்ததோ அதற்கு லத்தீன் வால் ஒட்டி எழுதிக்கொள்வார். ‘அர்வா’ அப்படித்தான் ஏர்வா ஆனது. உங்கள் வேலியோரம் விழுதி இருந்தால் அதன் பேரினம் கடாபா. பூமிச்சர்க்கரைக் கொடியின் பேரினம் மேருவா. ரெண்டும் அவர் ஏமனில் கேட்டு எழுதிய அரபிப் பேருகள். கடலோர உமரிக்கு உள்ள சுயேடாவும் அவருடையதுதான், ‘சுவைத்’, கொஞ்சம் கருத்தது என்று பொருள். அது கொறங்காட்டில் வராது, விட்டுவிடலாம்.

அரபியில் ‘அர்வா’ என்றால் மலையாடு என்றும் ஒரு பொருள் உண்டு. உடனே ‘ஆடு மேயும் செடி’ என்று பலகையில் ஏற்றிவிடாதீர்கள். ஒலி ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது.

அசாடிரக்டா: பாரசீகம், ‘ஆசாத் திரக்த்’. ஆசாத் என்றால் கட்டற்றது, உயர்குடியானது. திரக்த் என்றால் மரம். அங்கே அது வேம்புக்கு வைத்த பேரே அல்ல, மலைவேம்பு இனத்துக்கு வைத்தது. ரெண்டும் ஒரே குடும்பம், இலையும் ஏறக்குறைய ஒரே சாயல், அதனால் வேம்புக்கு ஒட்டிக்கொண்டது.

பட்டியலில் துத்தி இருக்கிறதா? அதன் பேரினமான அபூடிலானும் அரபிதான். பழைய மருத்துவர் இப்னு சீனாவின் எழுத்தில் ‘அபூதீலூன்’ என்று வருகிறது.

ரமளானின்_ள எழுதியது:

‘புகழ்’ எப்படி உள்ளே வந்தது என்று சொல்லிவிடுகிறேன், இதே குழி இன்னும் பத்து இடத்தில் இருக்கிறது. அரபியில் ‘ஸ’ என்று தமிழில் எழுதக்கூடியது மூன்று எழுத்து: சீன், ஸாத், அப்புறம் நாக்கு நுனியைப் பல்லிடையில் வைத்துச் சொல்லும் ‘தா’. கடைசியதை நம் பக்கமும் உருது வழக்கிலும் ‘ஸ’ ஆக்கிவிடுவோம். புகழ் என்ற சொல் அந்த மூன்றாவது எழுத்தில் தொடங்குகிறது. நிலாவாரை சீனில் தொடங்குகிறது. அரபிக்காரருக்கு இரண்டும் ‘மனம், மணம்’ போல வேறு வேறு சொல். ‘ஹ’ இரண்டு எழுத்து. ‘க’வில் நான்கு எழுத்து போய் ஒளிந்துகொள்ளும். ரமளான் என்பதில் நாம் போடும் ‘ள’ கூட அரபியின் தனி எழுத்து ஒன்றுக்காக வந்ததுதான். ஆகவே தமிழெழுத்திலோ ஆங்கில எழுத்திலோ இருக்கும் பேரை வைத்து வேரைத் தேடக்கூடாது. முதலில் அரபி எழுத்தில் எழுதப்பட்ட பேரைக் கையில் வாங்குங்கள். பிறகுதான் அகராதி.

வேர் உண்மையிலேயே பேசும் பேருகள் உண்டு. சுக்கான்கீரை ‘ஹும்மைள்’, வேர் ஹா–மீம்–ளாத், புளிப்பு. நடு எழுத்து இரட்டிப்பதைக் கவனியுங்கள். ‘குப்பைஸ்’ என்ற கீரையும் அதே அச்சு: ‘குப்ஸ்’ என்றால் ரொட்டி, அந்தச் செடியின் காய் தட்டையான ரொட்டி போல வட்டமாக இருக்கும். கொட்டமுத்துச் செடிக்கு ‘கிர்வஃ’. வேர் தளர்ச்சி, துவளுதல். பழைய அகராதிக்காரர்கள் வளைந்து துவளும் எந்த இளஞ்செடிக்கும் இது ஆகும் என்கிறார்கள். ஆமணக்குத் தண்டை ஒடித்துப் பாருங்கள், உள்ளே கூடு, பேரு பொருந்துகிறது.

ஏமாற்றும் பேருகள் இதைவிட அதிகம். காபித்தூளில் கலக்கும் சிக்கரிச் செடிக்கு அரபியில் ‘ஹிந்திபா’. ‘ஹிந்து’ என்று காதில் விழுகிறது, இந்தியாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. லத்தீனில் ‘இன்டிபுஸ்’ என்று நிற்கும் அதே பழைய மத்தியதரைக்கடல் சொல்தான் அது. (புளிக்கு ‘தமர் ஹிந்தி’ என்பதில் வரும் ஹிந்தி மட்டும் அசல், ‘இந்தியப் பேரீச்சை’.) கற்றாழை ‘ஸபிர்’, பொறுமை ‘ஸப்ர்’. எழுத்து ஒன்றுதான், கவிஞர்கள் சிலேடை போட்டுத் தீர்த்துவிட்டார்கள். சிலேடையைப் பேருக்குக் காரணமாக எழுதக்கூடாது. கோரைக்கிழங்கு ‘ஸுஃத்’, அதன் வேரில் நற்பேறு என்று பொருள் வரும். எருக்கு ‘உஷர்’, அதன் வேரில் பத்து என்று வரும். எருக்கம்பூவில் பத்து எதுவும் கிடையாது: ஐந்து இதழ், ஐந்து கேசரம். இவற்றுக்கெல்லாம் பேரை மட்டும் போட்டுப் பொருள் வரியை வெறுமையாக விடுங்கள்.

கடன்சொல்லை அடையாளம் காண ஒரு சுலபமான குறி: பேரு ‘அஜ்’ என்று முடிந்தால் பெரும்பாலும் பாரசீகத்திலிருந்து வந்தது. பழைய பாரசீகத்தில் ‘அக்’ என்று முடிந்தவை அரபியில் ‘அஜ்’ ஆகும். சத்தியமங்கலம், கொல்லிமலைக் காட்டிலிருந்து இறங்குகிற மூன்று காய்களைப் பாருங்கள். கடுக்காய் ‘இஹ்லீலஜ்’, தான்றிக்காய் ‘பலீலஜ்’, நெல்லி ‘அம்லஜ்’. ஹரீதகி, விபீதகி, ஆமலகம் என்ற வடசொற்கள் பாரசீகம் வழியாகப் போய் அரபிச் சட்டை போட்டுக்கொண்டவை. மூன்றும் சேர்ந்த திரிபலா யுனானியில் ‘இத்ரீஃபல்’. இந்தப் பேருகளுக்கு அரபியில் வேர் தேடுவது, ‘பஸ்’ஸுக்குத் தொல்காப்பியத்தில் வேர் தேடுகிற மாதிரி. கணக்கில் வரும் நீள்வட்டத்துக்கு அரபியில் ‘இஹ்லீலஜி’ என்று ஒரு பேரு, கடுக்காய் வடிவம். நம்ம கடுக்காய்தான்.

சரக்குப்_பொட்டணம் எழுதியது:

மேல சொன்னதெல்லாம் ஒத்தைச் சொல் பேருக. உங்க பட்டியல்ல பாதி ரெட்டைச் சொல் பேருங்க, ‘இன்னாரோட இன்னது’ங்கற அமைப்பு. இதைப் படிக்கறது சுலபம். நம்ம ஊர்லயும் இதே புத்திதான் ஓடுது.

தமிழ்ல பேய், நரி, நாய், காட்டுன்னு முன்னால வந்தா என்ன அர்த்தம்? பேய்ப்பீர்க்கு, பேய்க்குமட்டி, நரிவெங்காயம், நாய்த்துளசி. ‘பாத்தா நாம திங்கறது மாதிரி இருக்கும், ஆனா நம்முளுது இல்ல’ன்னு அர்த்தம். அரபியிலயும் அதே. பீச்சியடிக்கற காட்டு வெள்ளரிக்கு ‘கித்தாவுல் ஹிமார்’, கழுதையோட வெள்ளரி. மாண்டிரேக்ங்கற நச்சுச்செடிக்கு ‘துஃப்பாஹுல் ஜின்’, ஜின்னோட ஆப்பிள். நரிவெங்காயத்துக்கு ‘பஸலுல் ஃபஃர்’, எலி வெங்காயம். அந்தக் கிழங்கு எலிக்கு விஷம். நெருங்கின உறவுக் கிழங்குக, இங்க நரி, அங்க எலி.

சுக்குட்டிக்கு ‘இனபுஸ் ஸஅலப்’. இனப் திராட்சை, ஸஅலப் நரி. நரித்திராட்சை. கீரையும் பழமும் நாம திங்கற செடிதான், ஆனாலும் பேரு நரி மேல போயிருச்சு. பலகையில இதைப் போட்டா ஒரு எச்சரிக்கை: கடையில ‘ஸஅலப்’னு பாதிப் பேரு சொன்னா வேற சரக்கு வரும். சாலாமிசிரின்னு நாட்டுமருந்துக் கடையில இருக்கறது ‘ஸஅலப் மிஸ்ரி’, எகிப்து நரி. அது ஒரு வகை ஆர்க்கிட் கிழங்கு. ரெண்டு ரெண்டா ஒட்டியிருக்கற கிழங்கைப் பாத்து நரியோட விதைப்பைன்னு பேரு வெச்சாங்க. சொல்ல வெக்கப்பட்டு முன்பாதியை விட்டுட்டு நரியை மட்டும் வெச்சுக்கிட்டாங்க. அதனால ரெட்டைச் சொல் பேருல எந்தப் பாதியையும் வெட்டக்கூடாதுங்க.

நெருஞ்சி. இதுதான் உங்க பலகையில முதல்ல வரோணும். ‘ளிர்ஸுல் அஜூஸ்’. ளிர்ஸ்னா கடைவாய்ப்பல், அஜூஸ்னா கிழவி. காஞ்ச நெருஞ்சிக்காயை எடுத்து விரல்ல அழுத்துங்க, அஞ்சு துண்டா பிரியும். ஒவ்வொரு துண்டுலயும் நீள முள்ளு ரெண்டு, குட்டை முள்ளு ரெண்டு. ஒரு துண்டை முள்ளு கீழ பாக்கற மாதிரி உள்ளங்கையில வெச்சுப் பாத்தா, வேரோட பிடுங்கின கடைவாய்ப்பல்லேதான். மேல பழுப்பேறி மொண்டு மொண்டா இருக்கும், அதுதான் கிழவி. இது சின்ன நெருஞ்சிக்குத்தான் பொருந்தும். யானை நெருஞ்சி வேற குடும்பம், காய் அஞ்சா பிரியாது. அந்தப் பலகையில இந்தப் பேரைப் போட்டுராதீங்க.

பருப்புக்கீரைக்கு ‘ரிஜ்லா’. காலுக்கு ‘ரிஜ்ல்’னு சொல்றதால ‘கால் கீரை’ன்னு எழுதிருவாங்க. பழைய அகராதியில ரிஜ்லான்னா தண்ணி ஓடற தடம்னு ஒரு பொருள் இருக்குது. இந்தக் கீரை சரியா ஓடைத் தடத்துலயே முளைச்சு, அடுத்த வெள்ளத்துல அடிச்சுட்டுப் போயிரும். அதனால இதுக்கு இன்னொரு பேரு ‘பக்லத்துல் ஹம்கா’, முட்டாள் கீரை. ‘ரிஜ்லாவை விட மடையன்’னு அரபியில பழமொழியே இருக்குது. நம்ம பள்ளத்து ஓரம் இந்தக் கீரை எங்க கெடக்குதுன்னு பாத்தீங்கன்னா பழமொழி வெளங்கீரும்.

பட்டியல்ல இல்லாட்டியும் ஒன்னு சேருங்க. பழைய கல்கட்டுக் கிணத்து இடுக்குல கருப்புக் காம்போட தொங்கற பெரணிக்கு ‘குஸ்பரத்துல் பிஃர்’, கிணத்துக் கொத்தமல்லி. இலையைப் பாத்தா கொத்தமல்லி, முளைக்கறது கிணத்துச் செவுத்துல. இதுக்கு மேல எந்த வெளக்கமும் வேண்டாமுங்க.

ரமளானின்_ள எழுதியது:

இதில் ஒன்றைத் தனியாகப் பிரிக்க வேண்டும். பல், நாக்கு, காது என்று உறுப்பை வைத்து வரும் பேருகள் எல்லாம் அரபியில் பிறந்தவை அல்ல. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் கிரேக்க மருத்துவ நூல்களை அரபியாக்கியபோது பல பேருகளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தார்கள். ‘லிஸானுல் ஹமல்’, ஆட்டுக்குட்டி நாக்கு. ‘லிஸானுஸ் ஸவ்ர்’, காளை நாக்கு. இரண்டும் கிரேக்கத்திலேயே அதே நாக்குகள்தான். ‘ஆதானுல் ஃபஃர்’, எலிக்காதுகள், கிரேக்க ‘மியோசோடிஸ்’ஸின் பெயர்ப்பு. யுனானிக்காரர்கள் அந்தப் பேரை நம்ம எலிக்காதிலைக் கொடிக்கு வைத்துக்கொண்டார்கள். கிரேக்கருடைய எலிக்காது வேறு செடி. தமிழில் எலிக்காதிலை, வடமொழியில் மூஷிககர்ணி, அரபியில் எலிக்காது என்று மூன்றும் ஒன்றாக நிற்பதைப் பார்த்து ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். வட்டமான சின்ன இலையைப் பார்த்தால் எந்த நாட்டுக்காரனுக்கும் எலிக்காதுதான் நினைவு வரும்.

பூளைப்பூ கேட்டது:

ரொம்ப நன்றிங்க. புகழ் வரியைத் தூக்கியாச்சு. வன்னி பத்தி யாரும் சொல்லலீங்களே? இன்னொன்னு: ‘ஹர்மல்’னு ஒரு விதைப் பொட்டணம் வளைகுடாவுல இருந்து வந்துச்சு. அதோட படத்தையும் பேரையும் ஒரு பலகையில போட்டா ஆகுமுங்களா?

குடைநிழல் எழுதியது:

வன்னி அங்கே ‘காஃப்’. ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரம். நம்ம பக்கம் கோயில் மரமாக நிற்கும் அதே இனம், தாவரவியல் பேரில் ஒரு எழுத்து மாறாது. இதில் சுவையான இடம் அதன் ஒன்றுவிட்ட தம்பி. நம்ம வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேல், அங்கேயும் போய் ஊன்றிவிட்டது. அதற்கு அவர்கள் வைத்த பேரு ‘குவைஃப்’. அரபியில் ஒரு சொல்லின் முதல் எழுத்துக்கு உகரம் கொடுத்து நடுவில் ‘ஐ’ சேர்த்தால் ‘குட்டி’ என்று ஆகும், காஃப், குவைஃப். குட்டி வன்னி. சீமையிலிருந்து வந்தது என்று நாம் பேரு வைத்தோம், வன்னிக்குச் சின்னவன் என்று அவர்கள் வைத்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு பலகை வைத்தால் படிக்கிறவருக்குச் சட்டென்று பிடிபடும்.

வன்னி என்ற நம்ம பேருக்குள் நெருப்பு இருக்கிறது, வடமொழி ‘வஹ்னி’. அரபியில் தீக்கடைகோலுக்குப் பேர்போன செடி காஃப் அல்ல, ‘மர்க்’. ‘எல்லா மரத்திலும் தீ உண்டு, மர்க்கும் அஃபாரும் அதில் மிஞ்சியவை’ என்று பழமொழி. மர்க்குக்குத் தாவரவியலார் வைத்த சிறப்புப் பேரே (லத்தீன் பேரின் இரண்டாம் சொல்) ‘பைரோடெக்னிகா’, தீ வித்தை. நம்ம பாலைக்கொடியும் அதே பேரினம்.

ஹர்மல் பலகை வேண்டாம். நூல் வழக்கில் ஹர்மல் என்பது பெகானம் ஹர்மலா. லத்தீன் சிறப்புப் பேரே அரபியிலிருந்து வந்தது. வளைகுடாப் பக்கம் ஊர்க்காரர் ஹர்மல் என்று காட்டுவது பல இடத்தில் ராஸ்யா என்ற வேறு செடி. அரளிக் குடும்பம், நச்சு. (ராஸ்யா என்ற பேரே மருத்துவர் அர்-ராஸீயின் நினைவாக வைத்தது.) பொட்டணத்தில் இருப்பது எதுவென்று பேரை வைத்துத் தீர்மானிக்க முடியாது. விதைத்தும் பார்க்காதீர்கள். ‘குஸாமா’வும் இப்படித்தான், நகரத்துக் கடையில் லாவெண்டர், பாலைவனத்தில் மழைக்குப் பின் பூக்கும் ஊதாப்பூச் செடி. அதனால் ஒவ்வொரு அரபிப் பேருக்கும் பக்கத்தில் ஒரு சொல்லில் இடம் போடுங்கள்: ‘ஏமன்’, ‘வளைகுடா’, ‘யுனானி’, ‘நூல் வழக்கு’. நாம் சுக்குட்டிக்குப் பக்கத்தில் ‘கொங்கு’ என்று போடுவது போலத்தான்.

இலந்தைக்கும் இதே கவனம் வேண்டும். அங்கே ‘ஸித்ர்’ என்பது இலந்தையின் நெருங்கிய உறவு, அதே இனமல்ல. இலையைக் காயவைத்து இடித்துத் தலைக்குத் தேய்ப்பார்கள், நுரைக்கும். ‘அராபியாவின் அரப்புத்தூள்’ என்று எழுதினால் நம்ம ஊரில் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை.

இனி அச்சு வேலை. அரபி எழுத்தையும் பலகையில் போடுவதாக இருந்தால் பிளக்ஸ் கடையில் தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள். பல மென்பொருளில் அரபி எழுத்து ஒட்டாமல் தனித்தனியாக, அதுவும் இடமிருந்து வலமாகத் திரும்பி விழும்; மொழி தெரியாதவர் கண்ணுக்கு அது தப்பென்றே தெரியாது. வாசகத்தைப் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ கொடுங்கள். சரிபார்க்க இரண்டு சொல் போதும். ‘ஸனா’ மூன்று எழுத்தும் ஒட்டி ஒரே துண்டாக இருக்க வேண்டும். ‘ஸித்ர்’ இரண்டு துண்டு: வலது பக்கம் சீனும் தாலும் ஒட்டியிருக்கும், ரே இடது ஓரத்தில் தனியாக நிற்கும். மூன்று துண்டாக வந்திருந்தால் மொத்தப் பலகையும் திரும்ப அடிக்க வேண்டும்.

சரக்குப்_பொட்டணம் எழுதியது:

நெருஞ்சிப் பலகை வெக்கற எடத்துல களை வெட்டறவங்க கிட்ட முன்னாலயே சொல்லி வெச்சிருங்க. சுத்தமா வெட்டிட்டுப் பலகையை மட்டும் நட்டா, அந்தப் பல்லை எங்கன்னு போய்க் காட்டறது?

பூளைப்பூ எழுதியது:

சரிங்க. ரெண்டடி வட்டத்துக்கு வெட்டாம விடச் சொல்லியாச்சு. செருப்புப் போட்டுட்டு வரச்சொல்லி ஒரு வரியும் சேத்திருக்கேன்.